மூன்று மூட்டை வெட்டுத்துணி: எதைத் தைப்பது, எதை விடுவது?

கேள்வி: பல வருடமாக வீட்டிலேயே உடை தைத்துக் கொடுக்கிறேன். வெட்டி மிஞ்சிய துண்டுகளைத் தூக்கிப் போட மனம் வராமல் 3 மூட்டை சேர்ந்துவிட்டது. 6 மாதமாக அவற்றில் ஜிப் பை, ஸ்க்ரஞ்சி (எலாஸ்டிக் வைத்துச் சுருக்கிய துணி முடிவளையம்), ஹேர்பேண்டு, மேஜை விரிப்பு, பொம்மை என்று 14 வகை தைத்து விற்கிறேன். நேரம் போகிறதே தவிர கையில் ஒன்றும் நிற்கவில்லை. ஒரு ஜிப் பை பக்கவாட்டில் பிரிந்து திரும்பி வந்தது. ஒரு ஹேர்பேண்டு முதல் அலசலிலேயே சாயம் போய்ச் சுருங்கிவிட்டது. துணி இலவசம்தானே என்று விலையைக் குறைத்துத்தான் வைக்கிறேன். என்னென்ன தைக்கலாம்? குழந்தை உடுப்பு தைக்கலாமா? எப்படி விலை வைப்பது? ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மிஷின் வாங்கியே ஆக வேண்டுமா? திரும்பி வந்த பையைச் சரி செய்ய வழி உண்டா? படம் அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரி,

அந்தப் பையின் படத்திலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் மற்றக் கேள்விகளுக்கான விடையில் பாதி அதில் இருக்கிறது. பிரிந்த இடத்தில் தையல் நூல் அறுபடவே இல்லை. ஒரு பக்கத் துணியில் தையல் வரிசை நேராக, முழுதாக நிற்கிறது. மறுபக்கம் உள்ள பளபளப்பான துணி மட்டும் அந்த வரிசையிலிருந்து வழுக்கி வெளியே வந்துவிட்டது. அதன் ஓரத்தில் இழைகள் விசிறி மாதிரி விரிந்து நிற்கின்றன. மிஷின் மேலோ நூல் மேலோ குற்றமில்லை. நெசவு தளர்ந்த, வழுக்கும் துணிக்குக் கால் இஞ்சுக்கும் குறைவாகத் தையல் இடம், அதாவது தையலுக்கும் வெட்டு ஓரத்துக்கும் நடுவே உள்ள துணி, விட்டிருக்கிறீர்கள். துண்டு சிறியதாக இருந்ததால் ஓரத்தை மிச்சம் பிடித்திருப்பீர்கள். வெட்டுத்துணியில் தைக்கிறவர்கள் எல்லோருக்கும் வரும் ஆசை இது. துணியை மிச்சம் பிடிக்கப் போய்ப் பொருளை இழப்பதும் இங்கேதான்.

இனி ஏதாவது பிரிந்து வந்தால் மூன்று விஷயம் பாருங்கள். தையல் நூல் அறுந்திருந்தால் மிஷினில் டென்ஷன் (நூலின் இழுவை) இறுகியிருக்கிறது, அல்லது நூல் பழசு. நூல் முழுதாக இருந்து துணி கழன்றிருந்தால் தையல் இடம் போதவில்லை. துணி தையல் வரிசையை ஒட்டி, தபால்தலை கிழிவது போலக் கிழிந்திருந்தால் ஊசி மொட்டையாகி இழையை வெட்டுகிறது, அல்லது தையல் அளவுக்கு மீறி நெருக்கமாக விழுகிறது. நோய் மூன்று என்பதால் மருந்தும் மூன்று. பிரிந்த எல்லாவற்றையும் மேலே இன்னொரு தையல் ஓட்டிச் சரி செய்வது மூன்றில் எதற்கும் மருந்தாகாது.

இப்போது மூட்டைகளுக்கு வருவோம். உங்கள் நேரத்தைத் தின்பது தையல் இல்லை, தேடல். ஒவ்வொரு தடவையும் மூட்டையை அவிழ்த்து, இதற்கு எது பொருந்தும் என்று கிளறி, இஸ்திரி போட்டு, அளவு பற்றாமல் ஒதுக்கி, மறுபடியும் கிளறுகிறீர்கள். ஒரு வாரம் எதையும் தைக்காமல் பிரிப்பதற்கு ஒதுக்குங்கள். முதலில் நூலின் வகையால் பிரியுங்கள், அடுத்து அளவால், கடைசியாக நிறத்தால். நிறத்தில் ஆரம்பித்தால் கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கும், ஆனால் பருத்தியும் பாலியெஸ்டரும் ஒரே பெட்டியில் போய்ச் சேரும். உங்கள் ஹேர்பேண்டு கெட்டதற்கு அந்தக் கலப்பும் ஒரு காரணம்.

எது என்ன துணி என்று கைக்குத் தெரியாவிட்டால் நாலைந்து இழையை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தட்டுக்கு மேலே எரித்துப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு சட்டென்று எரிந்து மென்மையான சாம்பலாகும். பட்டும் கம்பளியும் முடி கருகும் நாற்றம் தரும், கருகிய நுனி விரலில் நசுக்கினால் பொடியும். பாலியெஸ்டர் சுருங்கி உருகி, ஆறியதும் கடினமான மணி போல நிற்கும். காகித வாசனையும் வந்து கடின மணியும் நின்றால் அது கலப்புத் துணி. பனியன் துணியைத் தனி மூட்டையாகவே கட்டி வையுங்கள். நெய்த துணியோடு அதை இணைத்தால் ஒன்று இழுபடும், மற்றது இழுபடாது. இணைப்பு அலையலையாக நிற்கும்.

அளவுக்கு நான்கு பெட்டி போதும். இரண்டு பக்கமும் 10 இஞ்சுக்கு மேல் உள்ளவை முதல் பெட்டி. 4 முதல் 10 இஞ்ச் வரை இரண்டாவது. ஒன்றரை இஞ்சுக்குக் குறையாத அகலத்தில் நீளமாக உள்ள பட்டைகள் மூன்றாவது. இரண்டு இஞ்சுக்கும் கீழான நொறுக்குகள் நான்காவது. இடைப்பட்ட அளவில் வருகிறவற்றை அருகிலுள்ள சிறிய பெட்டியில் போடுங்கள். ஒரு இஞ்சுக்கும் கீழே போனதைத் தயங்காமல் விட்டுவிடுங்கள். அதை இணைக்கும்போது இரண்டு ஓரத்திலும் கால் கால் இஞ்ச் தையலுக்குள் போனால் வெளியே தெரிவது அரை இஞ்ச்கூட இருக்காது. அதற்கு ஆகும் நேரம் எந்த விலையிலும் திரும்பாது.

பிரித்த கையோடு துவைத்தல். பருத்தி முதல் அலசலில் சாதாரணமாக நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு சுருங்கும். 20 இஞ்ச் நீள ஹேர்பேண்டில் 3 பங்கு என்றாலும் அரை இஞ்சுக்கு மேல். துவைத்த துண்டும் துவைக்காத துண்டும் ஒரே பட்டையில் அடுத்தடுத்து நின்றால், ஒன்று சுருங்கி மற்றதை இழுத்துச் சுருக்கிவிடும். உங்களுடையதில் நடந்தது இதுதான் என்று தோன்றுகிறது. பெரிய துண்டுகளை வலைப்பையில் போட்டுத் துவையுங்கள், இல்லாவிட்டால் ஓரத்து நூலெல்லாம் பின்னிக்கொண்டு கயிறாகிவிடும். சிறியவற்றை வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்துப் பிழிந்து, டவலில் பரப்பி, ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போடுங்கள். வெந்நீரும் சூடும் பருத்திக்குத்தான். பட்டுத் துண்டைக் குளிர்ந்த நீரில் அலசி, இதமான சூட்டில் தேயுங்கள்.

சாயம் பார்ப்பதும் அந்த நேரத்திலேயே முடிந்துவிடும். ஈரத் துண்டை வெள்ளைத் துணியின் மேல் வைத்து, அதற்கு ஏற்ற சூட்டில் இஸ்திரியை அழுத்துங்கள். வெள்ளையில் நிறம் இறங்கினால் அந்தத் துண்டு வெளிர் நிறத்தின் பக்கம் போகக் கூடாது. சிவப்பு, கறுப்பு, கருநீலம் மூன்றையும் ஒன்று விடாமல் சோதியுங்கள். உப்பும் வினிகரும் போட்டால் சாயம் நிலைக்கும் என்று பலர் சொல்வார்கள். ஆலையில் ஏற்றிய சாயத்தை அவை நிலைநிறுத்தாது. ஒட்டாமல் நிற்கும் மிச்சச் சாயத்தைச் சோப்பும் வெந்நீரும்தான் வெளியேற்றும். இரண்டு மூன்று தரம் அலசியும் இறங்கினால், கறுப்போடு கறுப்பாக மட்டும் சேருங்கள்.

என்ன தைக்கலாம் என்பதற்கு என் பதில் குறைவாகத்தான் இருக்கும். 14 வகையை 3 வகையாக்குங்கள். வடிவமும் அளவும் மாறாமல் இருக்கட்டும், துணி மட்டும் மாறட்டும். ஒரே அட்டை அச்சு, ஒரே ஜிப் நீளம், ஒரே எலாஸ்டிக் அளவு என்று வந்துவிட்டால் கை தானாக ஓடும், கணக்கும் நிற்கும். ஒவ்வொன்றும் வேறு வேறு துணி என்பதால் வாங்குகிறவருக்கு அலுப்பும் வராது. உங்களிடம் உள்ள அளவுகளைப் பார்த்தால் முதல் பெட்டிக்கு ஜிப் பை, இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் ஸ்க்ரஞ்சி, நான்காவதுக்கு ஒட்டுத்துணிப் பலகை, அதாவது நொறுக்குகளை இணைத்து ஒரே துணியாக்கிய பரப்பு, என்று போகலாம். அந்தப் பலகை ஜிப் பையின் முகப்பாகவே பயன்படும்.

பொம்மையை நிறுத்திவிடுங்கள். நொறுக்குத் துணியை உள்ளே திணித்தால் கல் மாதிரி கனக்கும், நனைந்தால் உள்ளே காயாமல் நாறும். 3 வயதுக்குள் இருக்கும் குழந்தை கையில் போகும் பொம்மையில் பட்டன் கண் கழன்றால் தொண்டைக்குப் போகும். பொம்மைக்கென்று தனிப் பாதுகாப்பு விதிகளும் சோதனைகளும் பல நாடுகளில் இருக்கின்றன. அந்தச் சோதனைக்குக் கொடுக்காமல் விற்பது சரியில்லை. கார்ட்டூன் பாத்திரமோ கம்பெனிச் சின்னமோ அச்சடித்த துண்டுகளையும் விற்பனைப் பொருளில் சேர்க்காதீர்கள். அந்தப் படத்துக்கு உரிமையாளர் ஒருவர் இருப்பார்.

ஜிப் பையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், உங்கள் பெட்டியில் அதிக வருமானம் தரக்கூடியது அதுதான். மேல் துணி 10 இஞ்சுக்கு 7 இஞ்சில் இரண்டு, லைனிங் அதே அளவில் இரண்டு, இஸ்திரி வைத்தால் ஒட்டும் மெல்லிய கேன்வாஸ் இரண்டு. நைலான் ஜிப் 12 இஞ்ச். தேவைக்கு மேல் 2 இஞ்ச் நீளமாக எடுத்தால் தைக்கும்போது ரன்னரை (ஜிப்பைத் திறந்து மூடும் பிடியை) ஓரத்துக்குத் தள்ளிவிடலாம், கோடு வளையாது. உலோகப் பல் ஜிப் வேண்டாம். மிஷின் ஊசி அதன் மேல் ஏறினால் முறியும், கத்தரியாலும் நறுக்க முடியாது.

கேன்வாஸை மேல் துணியின் உள்பக்கத்தில் ஒட்டுங்கள். இஸ்திரியைத் தேய்க்காமல் ஒவ்வொரு இடத்திலும் 10 வினாடி அழுத்தி எடுங்கள். தேய்த்தால் கேன்வாஸ் நகர்ந்து குமிழ் விடும். வழுக்கும் துணிக்கு இந்தக் கேன்வாஸ் கட்டாயம். இழையைப் பிடித்து நிறுத்தி, உங்கள் பைக்கு நேர்ந்ததைத் தடுப்பது அதுதான். பாலியெஸ்டருக்கு இஸ்திரியைக் குறைந்த சூட்டில் வைத்து, மேலே ஒரு பருத்தித் துணியைப் போட்டு அழுத்துங்கள்.

மேல் துணியை நல்ல பக்கம் மேலே இருக்கும்படி வைத்து, அதன் 10 இஞ்ச் ஓரத்தில் ஜிப்பைக் குப்புற வையுங்கள். அதற்கு மேல் லைனிங்கையும் குப்புற வைத்து, மூன்றையும் சேர்த்துக் கால் இஞ்சில் ஜிப் ஃபுட் (ஜிப் தைப்பதற்கான மிஷின் பாதம்) போட்டுத் தையுங்கள். புரட்டி இஸ்திரி போட்டு, ஜிப்பை ஒட்டி மேல் தையல் ஒன்று ஓட்டுங்கள். இந்த மேல் தையலை விட்டால் லைனிங் தளர்ந்து ரன்னரில் மாட்டும், பிறகு பை திறக்கவே திறக்காது. மறுபக்கமும் இப்படியே. ரன்னரைப் பாதி வழிக்கு இழுத்து ஜிப்பைத் திறந்து வையுங்கள். அதை மறந்து நான்கு பக்கமும் தைத்துவிட்டால் பையைப் புரட்ட வழியில்லை. இப்போது மேல் துணி இரண்டையும் நல்ல பக்கம் சேர, லைனிங் இரண்டையும் நல்ல பக்கம் சேர வைத்து, சுற்றிலும் குண்டூசி குத்துங்கள். ஜிப்பின் மடிப்பு லைனிங் பக்கம் சாய வேண்டும். மாறிச் சாய்ந்தால் ஜிப் முனையில் பை குழிந்து போகும். மேல் துணிக்கு முக்கால் இஞ்சில் பாதி, அதாவது எட்டில் மூன்று பங்கு இஞ்ச் தையல் இடம், லைனிங்குக்கு அரை இஞ்ச். லைனிங் இப்படி ஒரு நூல் சிறியதாக இருந்தால்தான் உள்ளே தொளதொளவென்று நிற்காது. லைனிங்கின் அடியில் 4 இஞ்ச் திறப்பு விடுங்கள். ஜிப்பின் பல் மேலே போகும் இடத்தில் கையால் சக்கரத்தைச் சுற்றி இரண்டு தரம் முன்னும் பின்னும் தையுங்கள். உபரி ஜிப்பை அதற்குப் பிறகுதான் நறுக்க வேண்டும். முந்தி நறுக்கினால் ரன்னர் கையோடு வந்துவிடும்.

பைக்கு அடி அகலம் வேண்டுமென்றால் நான்கு மூலையிலும் வெட்டு ஓரத்திலிருந்து 1 இஞ்ச் சதுரம் நறுக்கி, வெட்டிய வாயை எதிர்த் திசையில் தட்டையாக்கித் தையுங்கள். அடி 2 இஞ்ச் அகலம் கிடைக்கும். இந்தத் தட்டைத் தையலில் இரட்டைத் தையல் போடுங்கள். பொருளின் கனமெல்லாம் அங்கேதான் இறங்கும். புரட்டியதும் லைனிங் திறப்பை ஓரத் தையலால் மூடுங்கள்.

ஸ்க்ரஞ்சிக்கு 4 இஞ்ச் அகலம், ஐந்தரை இஞ்ச் நீளத்தில் நான்கு துண்டு. நான்கையும் வளையமாக இணைத்தால் நான்கு இணைப்பிலும் அரை அரை இஞ்ச் போய், சுற்றளவு 20 இஞ்ச் நிற்கும். கால் இஞ்ச் அகல எலாஸ்டிக் 8 இஞ்ச் எடுத்து, அரை இஞ்ச் ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி, ஜிக்ஜாக் தையலை முன்னும் பின்னும் போடுங்கள். முடிச்சுப் போட்டால் சில நாளில் நழுவும், கையிலும் உறுத்தும். இணைப்புகளின் தையல் இடத்தை இரு பக்கமும் விரித்து இஸ்திரி போடுங்கள், ஒரே பக்கம் சாய்த்தால் அந்த இடத்தில் சுருக்கு விழாமல் கட்டி நிற்கும். தடித்த துணியில் 20 இஞ்சை இந்த எலாஸ்டிக்குக்குள் அடக்க முடியாது. 16 இஞ்சாகக் குறையுங்கள், இல்லையேல் அந்தத் துணியைப் பைக்கு விடுங்கள். முடிக்கு மெல்லிய பருத்தியும் பட்டும்தான் நன்றாக உட்காரும்.

நான்காவது பெட்டி நொறுக்குகளுக்கு, துவைத்த மெல்லிய பழைய பருத்தி விரிப்பை அடித்துணியாக வெட்டிக்கொள்ளுங்கள். வேண்டிய அளவைவிட நான்கு பக்கமும் 1 இஞ்ச் கூடுதலாக எடுங்கள், ஏனென்றால் தைக்கத் தைக்க அது உள்ளே இழுத்துக்கொள்ளும். நடுவில் ஒரு துண்டை நல்ல பக்கம் மேலாக வையுங்கள். இரண்டாவதை அதன் மேல் குப்புற வைத்து, ஓரத்தில் கால் இஞ்சில் அடித்துணியோடு சேர்த்துத் தையுங்கள். புரட்டி இஸ்திரி போட்டு அடுத்ததற்குப் போங்கள். கோணல் துண்டாக இருந்தாலும் பரவாயில்லை, அடித்துணி எல்லாவற்றையும் தாங்கும். தையல் நீளத்தை 2 மில்லிமீட்டராகக் குறையுங்கள். பலகையை அளவுக்கு நறுக்கும்போது இந்தத் தையல்கள் நடுவில் வெட்டுப்படும், அங்கே ரிவர்ஸ் தையல் போட்டுப் பூட்டியிருக்காது. நீளத் தையலாக இருந்தால் வெட்டிய நிமிடத்திலேயே அவிழ ஆரம்பிக்கும். நறுக்கியதும் சுற்றிலும் ஓரத்தில் ஒரு தையல் ஓட்டிப் பூட்டுங்கள். எல்லா நிறத்தையும் கலந்து போட்டால் கண் எங்கும் நிற்காமல் அலையும். ஒரு பலகைக்கு மூன்று நிறம், அதில் ஒன்று வெறும் நிறமாக, அச்சு எதுவும் இல்லாமல் இருக்கட்டும். நூல் மாற்றி மாற்றி நேரம் போகாமல் இருக்க, வெளிர் துணிகளுக்கு வெளிர் சாம்பல், அடர் நிறங்களுக்கு அடர் சாம்பல் என்று இரண்டே கண்டு வைத்துக்கொள்ளுங்கள். கலந்த நிறங்களுக்குள் சாம்பல் அமுங்கிப் போகும்.

சதுரம் சதுரமாக இணைத்துத் தைப்பதாக இருந்தால் கால் இஞ்ச் என்பது கால் இஞ்சாகவே இருக்க வேண்டும். இரண்டரை இஞ்ச் சதுரம் 8 எடுத்து ஒரு வரிசை தைத்தால், பதினாறரை இஞ்ச் வர வேண்டும். ஒவ்வொரு தையலும் பதினாறில் ஒரு பங்கு இஞ்ச் உள்ளே போய்விட்டது என்று வையுங்கள். நூல் கனம்தான். ஆனால் ஒவ்வொரு இணைப்பிலும் இரு துணியிலும் சேர்த்து எட்டில் ஒரு பங்கு போகும், 7 இணைப்பில் கிட்டத்தட்ட ஒரு இஞ்ச் காணாமல் போயிருக்கும். அடுத்த வரிசையோடு எந்த மூலையும் சேராது. இழுத்துச் சேர்த்தால் துவைத்ததும் குமிழும். ஊசி இறங்கும் இடத்திலிருந்து சரியாகக் கால் இஞ்ச் தள்ளி, மிஷின் தட்டில் ஒட்டுநாடாவை இரண்டு மூன்று அடுக்கு ஒட்டி வையுங்கள். துணி ஓரம் அதை உரசிக்கொண்டே போகட்டும்.

ஊசியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நடுத்தரப் பருத்திக்கு 14, மெல்லிய துணிக்கும் பட்டுக்கும் 11, ஜீன்ஸ் கனத்துக்கு 16. பனியன் துணிக்கு முனை உருண்ட ஊசி வேறு. வெட்டுத்துணி வேலையில் துணி அடிக்கடி மாறுவதால் 14-ஐயே போட்டு எல்லாவற்றையும் ஓட்டிவிடுவோம். அதனால்தான் பெட்டி வாரியாக, ஒரு நாளைக்கு ஒரே கனத் துணி என்று தைக்கச் சொல்கிறேன். சுமார் 8 மணி நேரத் தையலுக்கு ஒரு ஊசி மாற்றுங்கள். டப் டப் என்று சத்தம் வந்தால் அதற்கு முன்பே.

குழந்தை உடுப்பு தைக்கலாம். ஆனால் உடல் முழுவதையும் ஒட்டுத்துணியில் தைக்காதீர்கள். முன், பின் பாகங்கள் ஒரே துணியில் இருக்கட்டும். யோக் (தோள்பட்டைப் பகுதித் துண்டு), பாக்கெட், காலர், அடிப்பட்டை ஆகியவற்றில் மட்டும் துண்டுகளைப் போடுங்கள். கனமும் சுருக்கமும் ஒத்த துணிகளாக இருக்க வேண்டும். எல்லாத் துண்டிலும் பாவு நூல், அதாவது நெசவில் நீளவாட்டில் ஓடும் நூல், மேலிருந்து கீழாக ஓட வேண்டும். கரை போய்விட்ட துண்டில் பாவைக் கண்டுபிடிக்க, இரண்டு திசையிலும் இழுத்துப் பாருங்கள். குறைவாக இழுபடுவது பாவு. ஒரு துண்டைச் சாய்வாக வைத்துவிட்டால், கிராஸில், அதாவது மூலைவாட்டில், வெட்டிய பக்கம் தொங்கிப்போய் அடிப்பட்டை கோணிக்கொள்ளும். உடுப்பில் கால் இஞ்ச் தையல் இடம் போதாது. அரை இஞ்ச் விட்டு ஓரத்தைப் பூட்டுங்கள். ஒட்டு இணைப்புகள் வரும் இடத்தில் உள்ளே லைனிங் வையுங்கள், குழந்தைத் தோலில் நூல் முனை உராயக் கூடாது. கழுத்தில் கட்டும் நாடா வேண்டாம். ஐரோப்பியத் தர விதி இ.என். 14682, 7 வயதுக்குட்பட்டவர்களின் உடையில் தலை, கழுத்துப் பகுதியில் இழுகயிறோ நாடாவோ கூடாது என்கிறது. சறுக்கு மரத்திலோ கதவிலோ மாட்டினால் கழுத்தை இறுக்கிவிடும் என்பதுதான் காரணம். எந்த நாட்டில் தைத்தாலும் அது உண்மையே.

கழுத்துக்கும் கைக்கும் கிராஸ் பட்டை உங்கள் முதல் பெட்டியிலேயே இருக்கிறது. 10 இஞ்ச் சதுரத்தை மூலைவாட்டில், ஒன்றேகால் இஞ்ச் அகலத்தில் வெட்டி இணைத்தால், பரப்பு 100-ஐ அகலம் 1.25-ஆல் வகுக்க 80. இணைப்புகளில் போவது போக 70 இஞ்சுக்குக் குறையாமல் வரும். பட்டைகளை நேராக அல்லாமல் சாய்வாக இணையுங்கள், கட்டி விழாது.

விலைக்கு வருகிறேன். துணி இலவசம் இல்லை, அம்மா. பிரிப்பது, அலசுவது, இஸ்திரி போடுவது, இணைப்பது எல்லாம் நிமிடங்கள். அந்த நிமிடங்கள்தான் துணியின் விலை. கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்து ஒரு பையை முழுதாகத் தைத்து எழுதிப் பாருங்கள். எடுத்துக்காட்டாக, துண்டு தேர்ந்து இஸ்திரி போட 8 நிமிடம், முகப்புக்கு ஒட்டு இணைக்க 25, பையாகத் தைக்க 25, நூல் வெட்டிப் படம் எடுத்துக் கட்ட 7. மொத்தம் 65. அதே பையை ஒட்டு இல்லாமல் முழுத் துணியில் தைத்தால் 40. அந்த 25 நிமிடக் கூலியைக் கூடுதலாகத் தர வாங்குகிறவர் தயாராக இருந்தால் முழு முகப்பும் ஒட்டாக இருக்கட்டும். இல்லையென்றால் முகப்பில் மூன்றில் ஒரு பங்கு மட்டும், ஒரு பட்டையாக ஒட்டு வையுங்கள். பையின் அழகு அதிகம் குறையாது, நேரம் வெகுவாகக் குறையும். நேரத்தைக் குறைக்க இன்னொரு வழி 8 பையை ஒன்றாக எடுப்பது. எட்டுக்கும் கேன்வாஸ், பிறகு எட்டுக்கும் ஜிப் என்று போனால் ஃபுட் மாற்றுவது ஒரே தடவை. நூலை வெட்டாமல் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டிவிட்டு, கடைசியில் இடைநூலை வெட்டலாம்.

ஒரு மணி நேரத்துக்கு உங்களுக்கு என்ன கூலி வேண்டுமென்று முதலில் முடிவு செய்யுங்கள். அதை 60-ஆல் வகுத்து, ஆன நிமிடங்களால் பெருக்கி, ஜிப், கேன்வாஸ், எலாஸ்டிக், நூல், உறை, மின்சாரம் சேருங்கள். பத்தில் ஒன்று கெட்டுப்போகும் என்று அதற்கும் கூட்டுங்கள். இதுதான் அடக்கம். வேறொருவர் மூலம் விற்று அவர் 30 சதவீதம் எடுப்பதாக இருந்தால், அடக்கத்தோடு 30 சதவீதம் கூட்டினால் போதாது. 100 அடக்கத்தை 130 ஆக்கி விற்றால், அவர் 30 சதவீதமாக 39 எடுப்பார், உங்களுக்கு 91. கையிலிருந்து 9 போகிறது. 100-ஐ 0.7-ஆல் வகுத்து 143 என்று வைக்க வேண்டும். பொருள் விற்றும் கையில் நிற்கவில்லை என்கிறவர்களில் நிறையப் பேர் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள்.

இந்தக் கணக்கில் வரும் விலைக்கு ஸ்க்ரஞ்சி போகாது என்று தெரிந்தால் ஸ்க்ரஞ்சியைத் தனியாக விற்காதீர்கள். அதே துணியில் தைத்த பையோடு சேர்த்துக் கொடுங்கள். ஒவ்வொரு வகையிலும் முதலில் தைத்த ஒன்றை நீங்களே 3 தடவை துவைத்து, ஜிப்பை 20 தடவை இழுத்துப் பார்த்த பிறகே விற்பனைக்கு வையுங்கள். சீட்டில் நூல் வகை, அளவு, துவைக்கும் முறை மூன்றும் இருக்கட்டும். கலந்த துணி என்றால் கலந்தது என்றே எழுதுங்கள்.

ஓவர்லாக் மிஷின் இப்போது வேண்டாம். லைனிங் வைத்த பைக்கும், புரட்டித் தைக்கும் ஸ்க்ரஞ்சிக்கும் ஓரம் வெளியே தெரியாது. ஜிக்ஜாக் இருக்கும் மிஷின் போதும். லைனிங் இல்லாத குழந்தை உடுப்பு வாரம் முழுக்கத் தைக்கும் நிலை வந்தால், அப்போது வாங்குங்கள். அதுவரை மெல்லிய துணிக்கு பிரெஞ்சு சீம் போடலாம். முதலில் உள்பக்கங்கள் சேர கால் இஞ்சில் தைத்து, ஓரத்தைப் பாதியாக நறுக்கி, புரட்டி, நல்ல பக்கங்கள் சேர இன்னொரு கால் இஞ்ச் தைத்தால் வெட்டு ஓரம் உள்ளே பூட்டிக்கொள்ளும். இணைப்புகள் குவிந்த ஒட்டுத்துணியில் இதைச் செய்தால் கனம் தாங்காது.

கடைசியாக, அந்தப் பை. சரி செய்யலாம். லைனிங்கின் அடித்தையலை 4 இஞ்ச் பிரித்து, பையை அதன் வழியாக வெளியே இழுத்து உள்புறமாக்குங்கள். பிரிந்த பக்கத்தின் தையலை மேலிருந்து கீழ் வரை முழுதாகப் பிரியுங்கள், பிரிந்த இடத்தோடு நிறுத்த வேண்டாம். விசிறியாக நிற்கும் இழைகளை ஈர விரலால் நேராக்கி, 1 இஞ்ச் அகலக் கேன்வாஸ் பட்டையை அந்த ஓரத்தின் உள்பக்கத்தில் ஒட்டுங்கள். பட்டை பழைய தையல் வரிசையைத் தாண்டி அரை இஞ்சாவது உள்ளே போக வேண்டும். பிறகு பழைய வரிசையிலிருந்து கால் இஞ்ச் உள்ளே தள்ளி, 2 மில்லிமீட்டர் தையலில் தைத்து, அதற்குப் பக்கத்திலேயே தையல் இடத்துக்குள் இன்னொரு வரிசை ஓட்டுங்கள். மற்றப் பக்கத்தையும் அதே அளவு உள்ளே எடுத்தால் பை நேராக நிற்கும், மொத்தத்தில் அரை இஞ்ச் குறுகியிருக்கும். லைனிங்கையும் அதே அளவு எடுத்துவிட்டு அடியை மூடுங்கள். இரண்டு பக்கமும் பிடித்துப் பலமாக இழுத்துப் பாருங்கள். தையலோரத்தில் வெளிச்சம் தெரியாவிட்டால் வாங்கியவருக்கே திருப்பி அனுப்பலாம். தெரிந்தால் அந்தத் துணி பைக்கு ஆகாது. வேறொன்று தைத்துக் கொடுத்துவிட்டு, பிரித்த ஜிப்பை அடுத்த பைக்கு எடுத்து வையுங்கள்.